நேரான ஆள்

"இருபத்திரண்டுக்கும் இருபத்தாறுக்கும் நடுவுல நாலு டிகிரி, டாக்டர்! நாலு டிகிரி சாய்ஞ்சா நான் செய்யற கதவு மூடவே மூடாது."

தச்சர் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் மேஜைமேல் வைத்தார். ஆறு மாதத்துக்கு முன்பு மகளின் முதுகெலும்பு வளைவு இருபத்திரண்டு டிகிரி. இப்போது இருபத்தாறு. இருபத்தைந்தைத் தாண்டினால் அக்குளிலிருந்து இடுப்புவரை கெட்டியாக ஒரு பிரேஸ் மாட்ட வேண்டியிருக்கும் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். பிரேஸ் என்ற சொல் காதில் விழுந்தாலே பதின்மூன்று வயது மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"அளக்கறதுலயே நாலஞ்சு டிகிரி முன்னபின்ன வரும்," என்றார் டாக்டரம்மா. "போன தடவை அளந்தது வேற டாக்டர். ஒரு வாரம் டைம் குடுங்க. பழைய படத்தையும் நானே மறுபடி அளந்து பாத்துடறேன்."

ஒரு வாரமா? மரத்தில் ஒரு நூல் பிசகினாலே அன்றைக்குச் சோறு இறங்காத மனிதர் அவர். வீட்டுக்குப் போனதும் மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்தார். புதுப் படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வளைவின் மேல்முனை எலும்பில் ஒரு கோடு, கீழ்முனை எலும்பில் ஒரு கோடு இழுத்தார்.

"பத்தொன்பது! பாத்தியா? பிரேஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

மகள் துள்ளிக் குதித்தாள். அந்த சந்தோஷத்தில் அவர் இன்னொரு முறை அளந்தார். இருபத்தொன்பது வந்தது.

"என்னப்பா, டீ குடிக்கறதுக்குள்ள பத்து டிகிரி ஏறிடுச்சு?"

"கோட்டை ஒரு எலும்பு தள்ளிப் போட்டுட்டேன்மா."

"அப்ப எது சரி?"

அழித்து அழித்து எட்டு முறை அளந்தார். எட்டும் எட்டு விதம்.

மறுநாள் படத்தைத் தூக்கிக்கொண்டு வேறொரு டாக்டரிடம் ஓடினார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது முதுகா, ரயில்வே ஜங்ஷனா? எந்தக் கோடு எலும்பு, எந்தக் கோடு பென்சில்?"

"தோராயமாச் சொல்லுங்களேன்."

"தோராயமா இருபதும் இருக்கலாம், முப்பதும் இருக்கலாம்."

அன்றிரவு மகள் சரியாகச் சாப்பிடவில்லை. அவரும்தான்.

வாரம் முடிந்தது. டாக்டரம்மா சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

"நல்ல சேதி. கம்ப்யூட்டர்ல இருக்கற ரெண்டு படத்தையும், அதே எலும்புகளை வச்சு நானும் ஜூனியர் டாக்டரும் தனித்தனியா அளந்தோம். பழசும் இருபத்துநாலு, புதுசும் இருபத்துநாலு. வளைவு கூடவே இல்ல. இப்போதைக்கு பிரேஸ் வேண்டாம்."

மகள் கூட வந்திருந்த தன் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தச்சர் மட்டும் மசியவில்லை.

"நீங்க அளந்தது சரி டாக்டர். படமே கோணலா விழுந்திருந்தா?"

விடுவிடுவென்று எக்ஸ்ரே அறைக்குள் போனார். பையிலிருந்து, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்து மிஷின்மேல் வைத்தார்.

"அண்ணே, அதைத் தொடாதீங்க!" என்று எக்ஸ்ரே எடுப்பவர் அலறினார்.

ரசமட்டத்தின் குமிழி கச்சிதமாக நடுவில் நின்றது. தச்சருக்கு அதுவும் போதவில்லை.

"வெளிய நேராத்தான் இருக்கு. உள்ள என்ன கோளாறோ! நேரான ஆள் ஒருத்தனை நிறுத்தி எடுத்தாத் தெரிஞ்சுடும். என்னை எடுங்க."

"சும்மாவெல்லாம் எக்ஸ்ரே எடுக்கக்கூடாது," என்றார் பின்னாலேயே வந்த டாக்டரம்மா. "முதுகுவலி ஏதாவது உண்டா?"

"அப்பப்ப உண்டு."

"சட்டையைக் கழட்டிட்டுக் குனியுங்க."

குனிந்தார். டாக்டரம்மா பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரே எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

படம் வந்தது. டாக்டரம்மா அளந்தார், முப்பத்தொன்று. ஜூனியர் டாக்டர் அளந்தார், முப்பத்தொன்று. தச்சரே கோணமானியை வைத்துப் பார்த்தார், முப்பத்தொன்று. எட்டு நாளாக அவர் கையில் ஒத்துப்போகாத கணக்கு இதில் மட்டும் அச்சடித்தமாதிரி ஒத்துப்போனது.

"மாட்டுச்சு பாத்தீங்களா!" என்று தச்சர் குதித்தார். "முப்பத்தொரு டிகிரி கோணல் இருக்கறவன் முப்பது வருஷமா ஏணி ஏற முடியுமா? தேக்குக் கதவைத் தோள்ல வச்சுக்கிட்டு மூணு மாடி ஏற முடியுமா? மிஷின்தான் கோணல்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. குரல் இறங்கிப்போனது.

"அப்ப... என் பொண்ணுக்குக் கூடலைன்னு சொன்னீங்களே, அதையும் நம்ப முடியாதா டாக்டர்?"

மகளின் முகம் வாடியது. டாக்டரம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், இத்தனை நாளும் பேசாமல் கூடவே அலைந்த மனைவி முந்திக்கொண்டார்.

"மிஷின் சரியாத்தாங்க சொல்லுது. கல்யாணமான நாள்லேருந்து உங்க சட்டைக்கெல்லாம் இடது தோளை முக்கால் இன்ச் இறக்கித்தான் தைச்சுட்டிருக்கேன்."