லிஃப்டில் முப்பது விநாடி

லிஃப்ட் நாலாவது மாடியைத் தாண்டும்போது, இடது தோளைத் தூக்கி இடுப்பை வெட்டிக்கொண்டிருந்த பல்லு சாரின் கண்ணில் அது பட்டது. மேலே மூலையில், கறுப்பாக, உருண்டையாக, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது கேமரா. தூக்கிய தோள் தூக்கியபடியே நின்றுவிட்டது.

இத்தனைக்கும் மனுஷர் ஆறு வருடமாக அந்த லிஃப்டில் ஏறி இறங்குகிறவர். மேலே கேமரா உண்டு என்று தெரியாதவர் இல்லை. ஆனால் ஆட ஆரம்பித்துவிட்டால் மூளைக்கு ஏது வேலை? மூன்று நாளாகக் கடைசி மாடி வரை போவதும் இறங்குவதுமாக, லிஃப்டுக்குள் இருந்த ஆளுயரக் கண்ணாடியைப் பார்த்து ஆடித் தள்ளியிருந்தார்.

பல்லு சார் என்பது அந்தக் குடியிருப்பு வைத்த பெயர். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்துகொடுப்பது அவர் தொழில். மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லை இழைக்க உட்கார்ந்தால் கை இம்மியும் அசையாது. கால்தான் சொன்ன பேச்சைக் கேட்காது.

அப்படிப்பட்ட காலை வைத்துக்கொண்டு என்ன ஆட்டம் வேண்டியிருக்கிறது என்கிறீர்களா? எல்லாம் மகளால் வந்தது. அவள் பள்ளி ஆண்டு விழாவில் அப்பாக்களும் பெண்களும் சேர்ந்து ஆட வேண்டுமாம். உலகத்தில் கைபேசி வைத்திருக்கிற அத்தனை பேரும் இப்போது ஆடித் தொலைக்கிறார்களே, அந்த முப்பது விநாடி ஆட்டம். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள் விஷயத்தை அம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

"அப்பா வேண்டாம்மா. நான் மாமாவைக் கூட்டிட்டுப் போறேன். அப்பா ஆடினா மீம்ஸ் போட்டே கொன்னுடுவாங்க."

குளியலறையில் முகம் துடைத்துக்கொண்டிருந்த பல்லு சாருக்கு அது சுத்தமாகக் கேட்டது. வெட்கமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. மச்சான் ஆடலாம், பெற்ற அப்பன் ஆடக் கூடாதா? ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டு மகள் முன்னால் ஆடிக் காட்டி அசத்திவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

இப்போது அந்த லட்சணம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. அதை மகள் மட்டும் பார்த்துவிட்டால், பள்ளிக்கூட வாசலில் கூட அவரை நிற்க விட மாட்டாள்.

நேராகக் காவலாளியிடம் ஓடினார். "ஏம்பா, லிஃப்ட் கேமராவுல பதிவானதை அழிக்க முடியுமா?"

காவலாளிக்கு ஏனோ முகம் வெளிறியது. "எதுக்கு சார் அதைப் போய் நோண்டிக்கிட்டு? எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. செயலாளர் சாரைக் கேளுங்க."

குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. லிஃப்டில் 'தேவையின்றி பட்டனை அழுத்தாதீர்' என்று மூன்று அறிவிப்பு ஒட்டியவர்.

"பதிவு பண்ற பெட்டியைப் பூட்டி வெச்சிருக்கு. கேமரா கம்பெனி ஆள் வந்துதான் திறக்கணும். சும்மா எல்லாம் கூப்பிட முடியாது. காரணம் வேணும். ஏதாவது தொலைஞ்சு போச்சா?"

வெண்ணெய் மாதிரி ஒரு பொய்யை எடுத்துக் கையில் கொடுத்தால் யார்தான் விடுவார்கள்?

"ஆமா சார். பர்ஸ்."

"என்னைக்கு?"

"மூணு நாளா."

"மூணு நாளா ஒரே பர்ஸ் தொலைஞ்சிட்டே இருந்துதா?"

"இல்ல சார்... மூணு நாளைக்குள்ள எப்பவோ. பெட்டியை மட்டும் திறந்து குடுங்க, நான் தனியா உக்காந்து பார்த்துக்கறேன். உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"அதெப்படி! திருட்டுன்னா எல்லாருக்கும் தெரிய வேண்டாமா?"

வீட்டுக்குள் நுழைவதற்குள் கைபேசி துள்ளியது. குடியிருப்பு வாட்ஸப் குழுவில் செயலாளர் எழுதியிருந்தார். 'லிஃப்டில் திருட்டு! பல்லு சாரின் பர்ஸைக் காணவில்லை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பொது அறையில், பெரிய டிவியில், இந்த வாரப் பதிவு முழுவதும் போட்டுக் காட்டப்படும். அனைவரும் குடும்பத்துடன் வரவும்.'

குடும்பத்துடன் என்ற வார்த்தையை அவர் மூன்று முறை படித்தார்.

"பர்ஸ் தொலைஞ்சுதாமே?" என்றாள் மனைவி. "இதோ உங்க பேன்ட்ல இருக்கே!"

"அப்பாடா, கிடைச்சுதா!" என்று நடித்துவிட்டு, உடனே குழுவில் தட்டினார். 'பர்ஸ் கிடைத்துவிட்டது. கூட்டம் வேண்டாம்.'

'எங்கே கிடைத்தது?' என்று கேட்டார் செயலாளர்.

என் பேன்டில் என்று எழுத மானம் இடம் கொடுக்கவில்லை. 'லிஃப்ட் பக்கத்தில். யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்' என்று தட்டினார். அதோடு தலைவலி விட்டது என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் அவர் புத்தி போனது.

'அப்படியானால் எடுத்தவன் பயந்துபோய்த் திருப்பி வைத்திருக்கிறான்!' என்றார் செயலாளர். பத்து நிமிடத்தில் இருபது துப்பறிவாளர்கள் முளைத்துவிட்டார்கள். தினமும் லிஃப்டில் ஏறுகிற வெளியாள் யார்? தண்ணீர் கேன் போடுகிறவர். வேறு யார்? வேறு யாரும் இல்லை. ஞாயிறு வரை அவரை உள்ளே விட வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

மறுநாள் காலை பல்லு சார் வேலைக்குக் கிளம்பும்போது, கேட்டுக்கு வெளியே கேன்களை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேன்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"சார், ஆறு வருஷமா உங்க வீட்டுக்குத் தண்ணி போடறேன். வீடு திறந்திருக்கும்போதெல்லாம் உள்ள வந்து மாட்டிட்டுப் போயிருக்கேன். உங்க பர்ஸை நான் எடுப்பேனா சார்?"

"நீ எடுக்கலப்பா. அது எனக்குத் தெரியும்."

"அதை அவங்ககிட்ட சொல்லுங்க சார். இங்க கேட்டுல நிறுத்தினதைப் பார்த்துட்டு எதிர்க் கட்டடத்துலயும் வர வேண்டாம்னுட்டாங்க."

"சொல்றேன்பா... சொல்றேன்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நழுவினார் பல்லு சார். இதுவரை பட்டது வெட்கம். இப்போது பட்டது அவமானம். அன்றைக்கு ஒரு பல்செட்டில் முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் கடைவாய்ப் பல்லை வைத்து அனுப்பி, மருத்துவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை சாப்பிடும்போது மகள் சொன்னாள். "பாவம்பா அந்தத் தண்ணி அங்கிள். வெயில்ல நிக்கறார். எதையும் பார்க்காம ஒருத்தர் மேல பழி போடறவங்க எல்லாம் மனுஷங்களாப்பா?"

பல்லு சார் தட்டைத் தள்ளி வைத்தார். தன் மானத்தைக் காப்பாற்ற இன்னொருவர் மானத்தை எடுத்து அடகு வைத்தாயிற்று. இதைவிட மகள் முன்னால் கோமாளியாக நிற்பது எவ்வளவோ மேல் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் வாய் திறக்க ஞாயிறு ஐந்து மணி ஆகிவிட்டது.

பொது அறையில் உட்கார இடமில்லை. கல்யாணத்துக்குக் கூட இப்படிக் கூட்டம் வராது. கம்பெனி ஆள் பெட்டியைத் திறந்து டிவியில் வயரைச் செருகிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேன்காரர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் செயலாளர்.

"வேண்டாம்!" பல்லு சார் எழுந்துவிட்டார். "பர்ஸ் தொலையவே இல்லை. யாரும் எதையும் எடுக்கல. நான் சொன்னது பொய்."

"பொய்யா? எதுக்கு?"

"லிஃப்ட்ல... ஆடினேன்."

"என்ன ஆடினீங்க?"

"அதான் சார், எல்லாரும் ஆடறாங்களே. அந்த முப்பது விநாடி. மூணு நாளா ஆடினேன். யாரும் பார்த்துடக் கூடாதுன்னு இவ்வளவும் பண்ணிட்டேன்."

அறை சிரித்தது பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பல்லு சார் அதைக் காதில் வாங்காமல் கதவோரம் போனார். "தப்பு என்னோடதுப்பா. என்னை மன்னிச்சிடு. எதிர்க் கட்டடத்துக்கும் நானே வந்து சொல்றேன்."

"ஒரு ஆட்டத்துக்கு என்னைத் திருடனாக்கிட்டீங்களே சார்" என்றார் அவர்.

மகள் எழுந்து வந்தாள். பல்லு சார் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்காகவா கத்துக்கிட்டீங்க?"

"ஆமாம்மா."

"ஐயோ அப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே. முதல்ல அங்கிளோட கேனை எல்லாம் நீங்க தூக்கிட்டு வாங்க. ஆட்டத்தை அப்புறம் பார்க்கலாம்."

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "சரி, கம்பெனி ஆள் வந்தது வந்தாச்சு. சார் ஆட்டத்தைப் போட்டே பார்த்துடலாம். வாரம் முழுக்க இருக்கு."

வாரம் முழுக்க என்றதும் சிரிப்பு பட்டென்று நின்றது. இரண்டாவது மாடி வக்கீலம்மா எழுந்தார். "போட வேண்டாம். கோர்ட்டுல நீதிபதியைத் திட்ட முடியாது. அதனால லிஃப்ட்ல வந்து திட்டுவேன். கெட்ட வார்த்தைதான்."

"நானும் சொல்லிடறேன்" என்றார், குடியிருப்பில் பாதிப் பேரைப் பட்டினி போட்டு இளைக்க வைக்கிற உடற்பயிற்சி ஆசிரியர். "ராத்திரி சாப்பாட்டை லிஃப்ட்லயே முடிச்சிடுவேன். ரெண்டு பொட்டலம் சிப்ஸ்."

இன்னும் நாலு பேர் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். கம்பெனி ஆள் ரிமோட்டைத் தொடப் போனபோது, செயலாளரே பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க! நான் தனியா வரும்போது... எல்லா பட்டனையும் அழுத்துவேன். சின்ன வயசு ஆசை."

அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்போது பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"எல்லாரும் சொல்றீங்க, நானும் சொல்லிடறேன் சார். போன வருஷம் பெயிண்ட் அடிக்க ஏணி வெச்சப்பவே அந்த கேமரா விழுந்து உடைஞ்சு போச்சு. வேலை போயிடுமேன்னு நான் அங்க ஒட்டி வெச்சிருக்கிறது ஒரு டார்ச் லைட்டோட மூடி."