அடுத்த திங்கள் மட்டும் நீ கெரின்

டார்னூக்,
ஞாயிறு பிற்பகல்

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனி தெல்மாவுக்கு,

உன் அக்கா வெர்னாவின் கணவன் க்ளெம் எழுதுவது. ஜீலாங்கில் நீயும் உன் பூனையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் கோழிகளும் சுகம். மழை இல்லை, கோதுமை முழங்கால் உயரத்துக்குக்கூட வரவில்லை. என் மகள் கெரின்தான் சுகமில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். கிறிஸ்துமஸ் அன்று நீ பார்த்துப் பார்த்துச் செய்த பாவ்லோவா கேக்கின்மேல் அவள் போதையில் விழுந்ததிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. உன் கோபம் நியாயமானது. ஆனால் நீ கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு அவள் சட்டையிலிருந்து ஒரு ஸ்பூன் வழித்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். அருமையாக இருந்தது. இதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நாளை விட்டு அடுத்த திங்கட்கிழமை காலை நீ அரை மணி நேரம் கெரினாக இருக்க வேண்டும். பதறாதே. ஆள்மாறாட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போனில்தானே? உங்கள் ஊர் நாடகக் குழுவில் மகாராணியாகவும் சூனியக்காரியாகவும் நடித்தவள் நீ. குடியிலிருந்து மீள நினைக்கிற ஒரு பெண்ணாகப் பேசுவது உனக்கு ஒரு பொருட்டா?

நான் ஏன் இந்த நிலைக்கு வந்தேன் என்று கேள். முதலில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எங்கள் ஊருக்கு டாக்டர் தினமும் வருவதில்லை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார், அதற்குள் பாதி ஊருக்கு வியாதி தானாகவே குணமாகிவிடும். அவர் நல்ல மனிதர். மது மட்டுமென்றால் பரவாயில்லை, ஆட்டு மயிர் கத்தரிக்கும் கொட்டகைகளில் சமையல்காரியாக இருந்த காலத்தில் முதுகுவலிக்கு என்று ஆரம்பித்த மாத்திரையும் சேர்ந்துவிட்டது, எனவே தங்கிச் சிகிச்சை பெற வேண்டும் என்றார். சரி, எங்கே என்றேன். ஒரு இலவச மையம் இருக்கிறது, வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றார். அங்கே போன் செய்தால், அதற்கு முன் வேறோர் இடத்தில் ஒரு வாரம் தங்கிக் குடியை நிறுத்திவிட்டு வர வேண்டுமாம். அந்த வேறோர் இடத்துக்குப் போன் செய்தால், இங்கிருந்து நேராகப் போவதற்கு மையத்தில் இடம் இருந்தால்தான் எடுப்போம் என்கிறார்கள். ஒரு கதவின் சாவி இன்னொரு கதவுக்குப் பின்னால் இருக்கிறது, அந்தக் கதவின் சாவி இதற்குப் பின்னால் இருக்கிறது. "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டேன். "நல்ல யோசனை சார்" என்று அந்தப் பெண் சொன்னாள்.

பிறகு கடற்கரையோரம் ஒரு தனியார் இடம் பற்றி வண்ணப் புத்தகம் வந்தது. அதில் எல்லோருக்கும் வெள்ளை உடை, வெள்ளைப் பல். என் வீட்டை விற்றுக் கோழிகளையும் சேர்த்துக் கொடுத்தால் அங்கே முதல் வாரத்தைத் தாண்டலாம். குதிரையைத் தடவிக்கொடுத்தால் மனம் தேறும் என்று போட்டிருந்தது. குதிரைதானே, அதற்கு எதற்குக் கடற்கரை என்று பக்கத்துப் பண்ணைக் கிழட்டுக் குதிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து கட்டினேன். அது கெரினின் தோளைக் கடித்துவிட்டது. அவள் அழவில்லை, திட்டவில்லை. "உனக்கும் என்னப் பிடிக்கலையா?" என்று அதனிடம் கேட்டாள். தெல்மா, அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம்தான் ஊர்க்காரர்கள் உதவிக்கு வந்தார்கள். தனியார் இடத்துக்கு நிதி திரட்டலாம் என்று முடிவானது. டார்னூக்கில் கூட்டம் போட இருக்கிற ஒரே இடம் எது? டஃபியின் பப். ஊரில் தீயணைப்பு வண்டிக்கும் அங்கேதான் நிதி திரட்டினோம், தேவாலயக் கூரைக்கும் அங்கேதான் திரட்டினோம், எனவே கெரினின் குடியை நிறுத்தவும் அங்கேயே திரட்டுவதில் யாருக்கும் ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதுதான் கொடுமை. ஊரே வந்தது. கெரின் குடிக்காமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் எழுந்து நின்று கோப்பையைத் தூக்கிக் குடித்தார்கள். ஒருவர் எல்லோருக்கும் ஒரு சுற்று பீர் வாங்கினால் அடுத்தவரும் ஒரு சுற்று வாங்க வேண்டுமே, அந்த மரியாதையை எப்படி விடுவது? என் மகள் நடுவில் எலுமிச்சைப் பானத்தோடு உட்கார்ந்து மற்ற எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தாள். கடைசியில் குலுக்கல். இரண்டாம் பரிசு இறைச்சித் தட்டு. முதல் பரிசு, டஃபி மனமுவந்து கொடுத்த ஒரு பெட்டி பீர். அந்தப் பெண்ணுக்கு வாழ்க்கையில் எதிலும் அதிர்ஷ்டமே இல்லையே என்று நான் சீட்டெல்லாம் அவள் பெயரில் வாங்கியிருந்தேன். டஃபி அவள் பெயரைப் படித்துவிட்டு, படித்ததைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள வழி தேடுகிறவன் மாதிரி நின்றான். கெரின் எழுந்து போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். "நன்றி டஃபி, ரொம்பப் பெரிய மனசு" என்றாள். வண்டியில் வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு நாளில் காலி. திரண்ட நிதியைவிட அன்று பப்பில் நடந்த வியாபாரம் அதிகம் என்று டஃபி என்னிடம் வந்து வெட்கத்தோடு சொன்னான்.

ஆக, இருக்கிற ஒரே வழி அந்த இலவச மையம்தான். அங்கே ஒரு விதி. வரிசையில் பெயர் நிற்க வேண்டுமானால், நோயாளி ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் தானே போன் செய்து, இன்னும் வர விருப்பம் என்று சொல்ல வேண்டும். அப்பா சொன்னால் செல்லாது. முதல் வாரம் கெரின் பேசினாள். அடுத்த வாரம் எழுந்திருக்கவே இல்லை. "பேர எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும், விடுப்பா" என்றாள். நான் விடவில்லை. வீட்டுப் போனில் பேசினால் அவளுக்குக் கேட்டுவிடும்; கோழிக் கூண்டுக்குப் பின்னால் பிக்கப் வண்டியின்மேல் ஏறி நின்றால் மொபைலுக்கு சிக்னல் கிடைக்கும். ஏறி நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நான் கெரின் பேசறேன்" என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு திங்களும் நான்தான் கெரின். இவெட் என்று ஒரு பெண் எடுப்பாள். "தொண்டை சரியில்லையா கெரின்?" என்பாள். "சளி" என்பேன். "போன மாசமும் சளிதானே?" "அதே சளிதான்." "உடம்பு எப்படியிருக்கு?" என்றதற்கு வாய் தவறி முட்டிவலியையும் காது மந்தத்தையும் சொல்லிவிட்டேன். "கர்ப்பமா இருக்க வாய்ப்பு உண்டா?" என்று ஒரு நாள் கேட்டாள். "இனிமே அந்தப் பேச்சுக்கே இடமில்லம்மா" என்றேன். வீட்டில் யார் துணை என்று கேட்டாள். எங்கப்பா இருக்கார், தங்கமான மனுஷன் என்றேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன்.

இப்போதுதான் சிக்கல். வரிசையில் பெயர் முன்னே வந்துவிட்டது. அடுத்த வாரம் திங்களன்று அரை மணி நேரம் மதிப்பீடு, போனிலேயே. அதில் தேறினால் இரண்டு கதவையும் அவர்களே திறந்துவிடுவார்களாம். அரை மணி நேரம் மூக்கைப் பிடித்தால் எனக்கு மூச்சு போய்விடும். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். குறித்துக்கொள்: வயது முப்பத்துநான்கு. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. எடையைக் கேட்டால் கோபப்படு, அவள் அப்படித்தான் செய்வாள். முன்பெல்லாம் செய்வாள்.

உனக்கு என்ன வேண்டும் என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் எழுதித் தருவது என்று சாப்பிட்டு முடித்ததிலிருந்து யோசிக்கிறேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, தெல்மா. எனக்கு என்ன வேண்டும் என்றுதான் தெரிகிறது. சனிக்கிழமை ரேடியோவில் ஃபுட்டி பந்தாட்ட வர்ணனை ஓடும்போது நடுவரை அவள் திட்ட வேண்டும். ஆட்டுத் தொடையை நான் வறட்டிவிட்டேன் என்று கத்தியைப் பிடுங்க வேண்டும். நான் வலம் என்றால் அவள் இடம் என்பாளே, வெர்னாகூட உயிரோடு இருந்தவரை "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வேலியா?" என்று கேட்பாளே, அது வேண்டும். இப்போது எதைச் சொன்னாலும் "சரிப்பா" என்கிறாள். இந்த "சரிப்பா"வைக் கேட்கப் பயமாக இருக்கிறது. அடுத்த அறையில்தான் தூங்குகிறாள், ஆனாலும் எங்கோ தூரதேசம் போன பிள்ளையை நினைத்து ஏங்குவது போல அவளுக்காக ஏங்குகிறேன். என் மகளோடு ஒரு நல்ல சண்டை போட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

எனவே மறுக்காதே. உன் அக்காவுக்காகச் செய். உன் இடுப்புவலி குறையட்டும், பூனை நீண்ட நாள் வாழட்டும், உன் அடுத்த பாவ்லோவா யாரும் விழாமல் மேசை சேரட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் எப்போதும் மதிப்புள்ள
க்ளெம் ரடக்

பி.கு.: தெல்மா, மேலே எழுதிய எதையும் செய்யாதே. இன்று திங்கள், தபால் வண்டி இன்னும் வரவில்லை, அதற்குள் எழுதுகிறேன். காலையில் வழக்கம்போல வண்டிமேல் ஏறி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நான் கெரின்" என்றேன். இவெட் மெதுவாக, "கெரின் இப்ப அடுத்த லைன்ல பேசிட்டிருக்காங்களே" என்றாள். திரும்பிப் பார்த்தேன். சமையலறை ஜன்னலில் என் மகள், தலைகூட வாராமல், வீட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினாள்: "அப்பா! கீழ இறங்கு! ஊருக்கே கேக்குது! என் குரல் அப்படியா இருக்கு?" இடம் தருவார்களா, எப்போது தருவார்கள், வாரா வாரம் அவளே பேசுவாளா, எதுவும் தெரியாது. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் காதில் இவெட் கேட்டாள்: "அப்ப, பேசறது யாரு?" மூக்கிலிருந்து கையை எடுத்தேன்.

"அவளோட அப்பா" என்றேன்.