டெம்பரரி மனிதர்கள்

வெள்ளவத்தை,
ஆவணி 1997.

அன்பும் மதிப்புமுள்ள நாகேந்திரம் மாமாவுக்கு,

நான் நலம். இந்தச் சண்டைக்குள் ஊருக்குக் கப்பல் ஓடினால் இது உங்களைச் சேரும். சேரும்போது உங்கள் மூட்டுவலியும் மாமியின் கோபமும் தணிந்திருக்கட்டும்.

ஓர் உதவி வேண்டும். அதற்கு முதல் ஒரு சொல். டெம்பரரி. கொஞ்சக் காலத்துக்கு மட்டும் இருப்பது என்று டியூட்டரியில் படிப்பித்தேன். பிள்ளைகள் உதாரணம் கேட்டார்கள். மேல்மாடிச் சவுந்தரநாயகம் மாமாவின் பெயர் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

உங்கள் பள்ளித் தோழர்தான். கனடா விசாவுக்கென்று கொழும்புக்கு வந்தவர். வந்தபோது மகள் பாலேஸ்வரி பள்ளிக்கூடச் சட்டையில். இப்போது வங்கியில் வேலை. பெட்டிகள் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. சுவரில் ஆணி அடிப்பதில்லை. வீட்டிலுள்ள ஒரேயொரு கதிரையில் பிள்ளையார் படம் இருக்கிறது, வருபவர்கள் நிற்கிறார்கள். பொலிஸ் பதிவுக்கு வந்து "இன்னும் போகவில்லையா?" என்று சிங்களத்தில் கேட்டால், "டெம்பரரி, சேர்" என்கிறார். தேங்காய் துருவத் திருவலைகூட இல்லை.

அதனால் பாலேஸ்வரி தினமும் காலையில் கீழே, வீட்டுக்காரி கைருன்னிஸாவின் குசினிக்கு வருவாள். நான் அங்கே பின்னறையில் வாடகைக்கு இருப்பவன். ஒருநாள் திருவலையைத் தூக்கிக் கொடுத்தேன். பிறகு துருவியும் கொடுத்தேன்.

"ஒங்கட அப்பா திருவல வாங்கவே வேணாம், மகள்," என்றார் கைருன்னிஸா. "இவர் சும்மாதானே நிக்கிறார், துருவட்டும்."

போன கிழமை மேலே போய்ச் சவுந்தரநாயகம் மாமாவிடம் பெண் கேட்டேன்.

"தம்பிக்கு உத்தியோகம்?"

"டியூட்டரியில படிப்பிக்கிறன்."

"பேர்மனன்டோ?"

"டெம்பரரி."

"டெம்பரரி ஆளுக்குப் பிள்ளையைக் குடுக்கேலாது."

ஒரு பெட்டியின் மேல் இருந்துவிட்டேன்.

"அதில இராதையும்! அது கனடாவுக்குப் போறது!"

மறுநாளே அவர் ஒரு புதுத் திருவலை வாங்கிவிட்டார். அவள் கீழே வருவதில்லை. மேலே தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும் கேட்குது. விசா வந்தால் அதுவும் இல்லை. அதற்குள் நீங்கள் அவருக்கு ஒரு வரி எழுதவேணும். உங்கட சொல்லை அவர் தட்டமாட்டார்.

மாமிக்கும் கோழிகளுக்கும் என் அன்பு. உங்கள் ஆசியைக் கொஞ்சம் அவசரமாக அனுப்புங்கள்.

மருமகன்,
குகனேசன்

பி.கு: எழுதவேண்டாம். இன்று காலை விசா வந்துவிட்டது. சவுந்தரநாயகம் மாமா போகமாட்டாராம். "இப்பதானே ஒரு திருவலை வாங்கினனான். அங்க போய்த் திரும்ப முதலிலயிருந்தோ?" என்கிறார். பின்னேரம் என் அறை வாசலில் வந்து நின்றார். "தம்பி, உமக்குச் சுவரில ஆணி அடிக்கத் தெரியுமோ?"

அடித்தேன். பிள்ளையார் சுவருக்குப் போனார். கதிரையில் என்னை இருக்கச் சொன்னார்கள்.