முந்தி நின்ற புள்ளி

"நாப்பது விவசாயிங்கன்னு சொன்னியேம்மா, ஒரே ஒரு புள்ளிதானே தெரியுது? மிச்ச பேரெல்லாம் எங்க?"

தஞ்சாவூர் விதைநெல் கம்பெனியின் மேனேஜர் வெங்கடகிருஷ்ணன், கம்ப்யூட்டர் திரையில் இருந்த மகசூல் வரைபடத்தில் மூக்கு இடிக்கக் குனிந்து தேடினார்.

படத்தைப் போட்ட தற்காலிக ஊழியர் கலைமகள் பதறவில்லை. பதறுவது அவள் வழக்கமே இல்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நாற்பது பேருக்கும் அவளே போன் போட்டுச் சம்பா மகசூல் கேட்டிருந்தாள். அத்தனை பேரும் யோசிக்காமல் ஏக்கருக்கு முப்பது மூட்டை என்றார்கள். புள்ளிமேல் புள்ளி உட்கார்ந்தால் ஒன்றாகத்தானே தெரியும்? வெள்ளிக்கிழமை விவசாயிகள் கூட்டத்தில் இந்தப் படம் எடுபட்டால் அவள் வேலை நிரந்தரம்.

"ரெண்டே நிமிஷம் சார்" என்று, ஒன்றையொன்று மறைக்காதபடி புள்ளிகளை லேசாக உலுக்கிவிட்டாள். நாற்பதும் சிதறின.

"அட! உச்சியில யாரு?"

"தமிழரசன் சார். ஆனா மேல இருக்கறதுக்கு அர்த்தம் கிடையாது. எல்லாருக்கும் முப்பதுதான்."

"அர்த்தம் இல்லாம எதுக்கும்மா மேல ஏறப் போறார்?"

மனுஷன் உடனே தமிழரசனுக்குப் போன் போட்டு, அதிக மகசூலுக்குக் கூட்டத்தில் தரப்போகும் முதல் பரிசான மருந்தடிக்கும் ஸ்பிரேயர் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

சாப்பிட்டு வந்து திறந்தால் உச்சியில் இளையபெருமாள். சாஃப்ட்வேர் ஒவ்வொரு தடவையும் புள்ளிகளைப் புதிதாக உலுக்குகிறது! கலைமகள் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் அவருக்கும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. சாயங்காலம் இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார்கள்.

"ஒரு ஸ்பிரேயருக்கு ரெண்டு பேரா? எங்களப் பாத்தா எப்படித் தெரியுது ஒங்களுக்கு?"

புள்ளிகள் பக்கவாட்டில் மட்டும் விலகும்படி மாற்றினாள் கலைமகள். இனி யாரும் உசத்தியில்லை, யாரும் மட்டமில்லை.

"வலது ஓரத்துல யாரும்மா? அவர்தானே எல்லாரையும் முந்திக்கிட்டுப் போறார்!"

வைத்தியலிங்கம்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அதற்கு நேரமில்லை. எத்தனை தடவை திறந்தாலும் புள்ளிகள் அதே இடத்தில் நிற்கும்படி செய்து, இந்த வேலை முழுவதையும் ஒரே பட்டனில் அடக்கிவிட்டாள்.

"இனிமே பிரம்மாவே வந்து திறந்தாலும் வைத்தியலிங்கம் நகர மாட்டார் சார்."

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தமிழரசனும் இளையபெருமாளும் படத்தை மூடித் திறக்கச் சொல்லி மல்லுக்கு நின்றார்கள். திறந்து காட்டினாள். மறுபடியும் திறந்து காட்டினாள். ஒரு புள்ளியாவது அசையணுமே! இருவரும் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்கள். கைத்தட்டல் பந்தலைப் பிய்த்தது. கலைமகளின் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் மேடையிலேயே அறிவித்தார்.

வைத்தியலிங்கம் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கலைமகளைப் பார்த்தபடி மைக்கைப் பிடித்தார்.

"கூடச் சொன்னா கண்ணு படும், கொறச்சுச் சொன்னா மானம் போவும், அதனால யாரு கேட்டாலும் நாங்க எல்லாருமே முப்பதுன்னுதான் சொல்றது, மத்தபடி, இந்தச் சம்பாவுக்கு என் வயலு தரிசும்மா!"