சம்பந்தி திருத்திய ரெஃபரன்ஸ் பட்டியல்

கராச்சர்மா,
போர்ட் பிளேர்.
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அழகையா அவர்களுக்கும் சம்பந்தியம்மா ராசம்மா அவர்களுக்கும் உதயசூரியன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் இருவரும் அருப்புக்கோட்டைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை மாப்பிள்ளை பிரவீன்குமார் அன்றைக்கே போனில் சொன்னார். ஒன்றரை மாதம் கழித்துத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நானும் மரகதமும் சௌக்கியம். கார்த்திகாவுக்கு மாவுக்கட்டு நேற்றுதான் பிரித்தார்கள். அவள் மணிக்கட்டும் சௌக்கியம்.

இந்த நன்றியை ஏர்போர்ட்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் எங்கள் ஊர் சிக்னல் பாதியில் போய்விடும், நன்றியும் பாதியில் நிற்கும். அதனால் கடிதம். கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்ற மனிதர், மகன் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் முதல் தடவையாக விமானம் ஏறி, எட்டு நாள் அந்தமான் பார்க்க வந்தீர்கள். ஏர்போர்ட்டையும், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையையும், பத்துபஸ்தியில் ஒரு நண்டு வியாபாரியின் பீரோவையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறீர்கள். நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் மருமகள் சதுப்புநிலக் காட்டில் நண்டு அளக்கப் போய்ச் சேற்றில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டதும், அதே வாரம் அவள் நான்கு வருடம் பாடுபட்டு எழுதிய கட்டுரையை அறிவியல் பத்திரிகைக்காரர்கள் ‘ரெஃபரன்ஸ் பட்டியல் எங்கள் முறைப்படி இல்லை, பத்து நாளில் திருத்தி அனுப்பாவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டோம்’ என்று திருப்பியதும், நீங்கள் பெட்டியோடு வந்து இறங்கியதும் எல்லாம் ஒன்றாக நடந்துவிட்டது. கட்டுரை வந்தால்தான் அவளுடைய ஒப்பந்த வேலையை நீட்டிப்பார்கள் என்பதால் வீடே இழவு வீடு மாதிரி இருந்தது. நீங்கள் காபி டம்ளரும் கையுமாகக் கம்ப்யூட்டர் பக்கம் சும்மா எட்டிப் பார்த்தீர்கள். “இதென்னம்மா, கமாவுக்கு அப்புறம் இடமே விடலையே?” என்றீர்கள். உங்கள் விடுமுறை அந்தக் கமாவோடு முடிந்தது.

மறுநாள் ஹேவ்லாக் தீவுக்குப் போக நாலு பேருக்குக் கப்பல் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். “பொம்பளைங்க ரெண்டு பேரும் போயிட்டு வரட்டும் சம்பந்தி, நமக்கு வேலை இருக்கு” என்றீர்கள். அந்த ‘நமக்கு’வில் நானும் இருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. துறைமுக ஸ்டோரில் ஆணியும் கயிறும் எண்ணிக் கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். இரண்டு விரலால்தான் தட்டுவேன். நண்டின் லத்தீன் பெயரை மட்டும் சாய்வெழுத்தாக்கச் சொன்னீர்கள். எதை அழுத்தினேனோ, கட்டுரை மொத்தமும், கார்த்திகாவின் பெயர் உட்பட, புயலில் மாட்டிய பாக்குத்தோப்பு மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்தது. அதை நிமிர்த்துவதற்குள் கரண்ட் போனது. வந்தபோது காலையிலிருந்து அடித்த நாற்பது ரெஃபரன்ஸும் காணோம். என் கூடப் பிறந்த அண்ணனாக இருந்தால் அன்றைக்குப் பேச்சுவார்த்தையை முறித்திருப்பார். நீங்களோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “ஒண்ணுலேருந்து வாங்க சம்பந்தி” என்றீர்கள்.

அப்புறம் அந்த ஒச்சப்பன் விவகாரம். மண்டபம் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கும் விஞ்ஞானி, ஆள் ஒருவர்தான். பட்டியலில் ஓர் இடத்தில் சேதுராமு ஒச்சப்பன், இன்னோர் இடத்தில் ஒச்சப்பன் சேதுராமு. அவருடைய அப்பா சேதுராமுவின் பெயரையும் அவர் பெயரையும் மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டு பேர் இரண்டு கட்டுரை எழுதினார்கள் என்று ஆக்கி வைத்திருந்தது கம்ப்யூட்டர். நீங்கள் நம்பர் தேடிப் பிடித்து அவரிடமே கேட்டீர்கள். “ஐயா, எங்கப்பா உப்பளத்துல வேல பாத்தவரு, கைநாட்டு. அவரு பேருல ஏழு கட்டுரை ஓடிக்கிட்டு இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்” என்று அவர் சிரித்தபோது நீங்களும் சிரித்தீர்கள். ஆனாலும் விடவில்லை, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வரும்படி திருத்தினீர்கள்.

அறுபத்திரண்டாவது ரெஃபரன்ஸுக்கு வருகிறேன். 1986ஆம் வருடத்து நண்டு சர்வே அறிக்கை. பக்க எண் இல்லை. “நாலு பேப்பர்ல இதைப் போட்டிருக்காங்க மாமா, அதைப் பாத்தே நாமளும் போட்டுடலாம்” என்றாள் கார்த்திகா.

“நீ அந்த அறிக்கையப் பாத்தியாம்மா?”

“இல்ல மாமா. எங்கயும் கிடைக்கல.”

“அவங்க பாத்தாங்களா?”

நீங்கள் எழுந்து சட்டையை மாட்டினீர்கள். அந்தக் காலத்தில் சர்வே எடுத்தவர் பத்துபஸ்தி நண்டு வியாபாரி அலி அக்பரின் கடை மாடியில் தங்கியிருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கொட்டுகிற மழையில் ஒரே குடையோடு பஸ் ஏறினோம். குடை உங்களுக்கும் பாதிதான் உதவியது, எனக்கும் பாதிதான்.

“சர்வே சாப் எழுதுன கிதாபா? இருக்கு, உள்ள வாங்க” என்றார் அலி அக்பர் பாய். “முப்பத்தெட்டு வருஷத்துல ஏக் ஆத்மி, ஒரு ஆள்கூட வந்து கேக்கலண்ணே. நான் ஏன் வச்சிருக்கேன் தெரியுமா? இதுல என் பேரு இருக்கு.” பீரோவிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றியதை எடுத்துக் கடைசிப் பக்கத்தை நீட்டினார். நன்றி சொன்ன இடத்தில் ‘அலி அக்கர்’ என்று இருந்தது. “ஒரு எழுத்து கலத் ஆயிடுச்சு. பர்வா நஹி, நான்தான் அது.”

நீங்கள் பக்க எண்ணைக் குறிக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டீர்கள். “சம்பந்தி, இதுல பதினாலுன்னு இருக்கு” என்றீர்கள். நண்டு ஓட்டின் சராசரி அகலம் பதினாலு சென்டிமீட்டர். நாலு பேப்பரிலும் பதினொன்று. எவரோ ஒருவர் தப்பாக எழுத, மற்றவர்கள் அறிக்கையைப் பார்க்காமலே அவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கார்த்திகா அளந்ததும் பதினொன்றுதான். அதனால் கிட்டத்தட்ட நாற்பது வருடமாக நண்டு மாறவே இல்லை என்று முடிவுரை எழுதி வைத்திருந்தாள். உண்மையில் நண்டு மூன்று சென்டிமீட்டர் சிறுத்துப் போயிருக்கிறது.

பாய் கடையிலிருந்தே அவளைக் கூப்பிட்டோம். “அப்ப நான் நாலு வருஷம் செஞ்சது தப்பா மாமா?” என்று அவள் குரல் உடைந்தது எனக்கே கேட்டது. “நீ அளந்தது சரிம்மா. அவங்க காப்பியடிச்சதுதான் தப்பு. முடிவுரைய மட்டும் மாத்து, கட்டுரை இன்னும் பலமாகும்” என்றீர்கள். பெற்றவன் நான் பக்கத்தில் நின்றுகொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் சம்பந்தி இந்தக் கடிதம், கமாவுக்காக இல்லை.

அவள் இடது கையால் முடிவுரையைத் திருத்த, நாம் பட்டியலில் இருந்த எழுபத்தொன்பது ரெஃபரன்ஸையும் முடித்து, ஏழாம் நாள் மாலை அனுப்பினோம். அன்று சாப்பிட்டுவிட்டு, சம்பந்தியம்மா எடுத்து வந்த நானூறு படங்களையும் பொறுமையாகப் பார்த்தீர்கள். “கடல் நல்லா இருக்கு” என்றீர்கள். எங்கள் மூவருக்கும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நேற்று பத்திரிகையிலிருந்து கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்துவிட்டது. மூல அறிக்கையைத் தேடி எடுத்ததைப் பாராட்டி இரண்டு வரி எழுதியிருக்கிறார்கள். வேலையை நீட்டிக்கும் ஆர்டர் இந்த மாதமே வரும் என்கிறார்கள். மரகதம் உங்கள் இருவர் பெயருக்கும் முருகன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். தை மாதம் கடல் அடங்கி இருக்கும். கட்டாயம் மறுபடி வரவேண்டும். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிடுகிறேன்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று எந்நேரமும் நினைக்கும்,
தங்கள் சம்பந்தி,
உதயசூரியன்.

பின்குறிப்பு: கார்த்திகா இப்போதுதான் அந்த மெயிலைக் கடைசி வரை படித்தாள். இந்த மாதத்திலிருந்து பத்திரிகை முறையை மாற்றிவிட்டதாம். பட்டியலை இனி அவர்களுடைய இயந்திரமே அடுக்கிக்கொள்ளுமாம், எழுதியவர்கள் சிரமப்பட வேண்டாமாம். புது முறையில் நாம் போட்ட கமா ஒன்றுகூடக் கிடையாது. இதை உங்களுக்கு எழுதவே கூடாது என்கிறாள் மரகதம். மையில் எழுதிவிட்டேன், அடித்தால் பார்க்க நன்றாக இருக்காது. ஆகையால் தயவுசெய்து என் கையெழுத்து வரை மட்டும் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிடவும்.