கலெக்டருக்கு முந்நூற்று நாற்பத்திரண்டு

வெள்ளிக்கிழமைக்குள் மனைவி விஜயலட்சுமியை வீட்டுக்கு வரவழைத்துவிடுவது என்று அரங்கநாதன் செவ்வாய்க்கிழமை காலை பல் விளக்கும்போது முடிவு செய்தார். லேசுப்பட்ட முடிவு அல்ல. வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டிச் செய்த முடிவு. சாட்சிக்கு கலெக்டர் மட்டும் காலடியில் உட்கார்ந்திருந்தார்.

கலெக்டர் என்பது பூனை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன அதே வாரத்தில்தான், கச்சிராயபாளையத்தில் அரங்கநாதன் வீட்டுப் பின்னால் கிடந்த கரும்புச் சோகைக்குள்ளிருந்து ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. மாவட்டத்துக்கு ஒரு கலெக்டர் வருகிறார், வீட்டுக்கும் ஒருத்தர் இருக்கட்டும் என்று அவர்தான் பேர் வைத்தார். குட்டியும் பேருக்குத் தகுந்தபடி வளர்ந்தது. யார் வந்தாலும் எழுந்திருக்காது. கூப்பிட்டால் வராது. ஆறு வருஷத்தில் ஏழு கிலோ ஆனது. அதில் பாதி, அரங்கநாதன் தன் பங்கிலிருந்து கிள்ளிக் கொடுத்த பால்கோவா.

போன தையில் கலெக்டர் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கவும், மெலியவும் ஆரம்பித்தார். கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்துவிட்டு, சர்க்கரை என்றார். அரங்கநாதன் சிரித்துவிட்டார். மூன்று தலைமுறையாகக் கரும்பு போட்ட குடும்பம் அவருடையது. சர்க்கரை ஒரு வியாதி என்பதையே அவர் தனக்கு எதிராகக் கிளப்பிவிட்ட வதந்தி என்று நினைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கே இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னபோது, டாக்டரை மாற்றினார். விஜயலட்சுமி கடன் கழிக்கிற மாதிரி தினம் ஒரு மாத்திரையை நீட்டுவாள். பாதி நாள் அது செம்பருத்திச் செடிக்குப் போய்ச் சேரும். ரத்தம் பார்க்க அவருக்கென்று ஒரு மெஷின் வாங்கி வைத்தாள். விரலை நீட்டவே இல்லை. அந்த மெஷின்தான் கடைசியில் கலெக்டருக்கு உதவியது.

ஊசி போடுவது சுலபம். காலை ஏழு, மாலை ஏழு. கலெக்டர் கிண்ணத்தில் தலையை விட்டிருக்கும்போது பிடரித் தோலைத் தூக்கி ஒரு குத்து. ஒரே ஆள் போதும். ரத்தம் பார்ப்பதுதான் பெரும்பாடு. காது ஓரத்தில் குத்த வேண்டும். அரங்கநாதன் துண்டில் சுற்றி மடியில் இறுக்கிக்கொள்ள, விஜயலட்சுமி குத்தி மெஷினைக் காட்டுவாள். எத்தனை சண்டை இருந்தாலும் அந்த ஐந்து நிமிஷம் இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த விஜயலட்சுமிதான் ஓசூருக்குப் போய்விட்டாள். மகள் கோகிலவாணிக்கு இரண்டாவது பிரசவம். மூத்தது பள்ளிக்கூடம் போகிறது, அதை விட்டுவிட்டுத் தாய்வீடு வர முடியாது.

"நீங்களும் வாங்களேன். மாப்ள எத்தினி வாட்டி கூப்புட்டாரு" என்றாள், பெட்டி கட்டும்போது.

"பொண்ணக் குடுத்த வூட்ல போயி உக்காந்து சோறு துன்ற ஆளு நான் இல்ல."

பொங்கல் வரிசை கொண்டுபோனால்கூட ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புகிறவர் அவர். பதினோரு வருஷமாக ஒரு ராத்திரி அங்கே தங்கியதில்லை. அதில் அவருக்குப் பெருமை. மாப்பிள்ளை கலையரசனுக்கு வருத்தம்.

"சரி, கலெக்டர நீங்களே பாத்துக்குங்க. பஸ்ல ஆறு மணி நேரம் தாங்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு மாசம் என்றாள்.

ஒரு மாசம்தானே என்றுதான் அவரும் இருந்தார். முதல் வாரம் ராஜா மாதிரி. பஸ் ஸ்டாண்டு கடையில் ஜாங்கிரி, அதிரசம், கேட்க ஆளில்லை. இரண்டாவது வாரம் ஜாங்கிரியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். ஒளித்துத் தின்ன ஆளில்லாதபோது அது வெறும் மாவாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் டி.வி.யைப் பார்க்காமலே ஓடவிட்டார், வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று. காய்க்காரரை நிறுத்தி, "இது எந்த ஊர்க் கத்திரிக்கா?" என்று கேட்டார். அவர் மணலூர்பேட்டை என்று ஆரம்பித்து, தண்ணீர், மண், மருந்து எல்லாம் விளக்கி முடிக்கும்வரை இவர் தலையாட்டிவிட்டு, வாங்காமல் உள்ளே வந்தார். நான்கு அறை உள்ள வீட்டில் ஒரு டம்ளர் கழுவுகிற சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்பது அறுபத்தாறு வயதில்தான் அவருக்குத் தெரிந்தது.

விஜயலட்சுமி ஏழுக்கும் ஏழுக்கும் போன் செய்வாள்.

"கலெக்டர் துன்னானா?"

"துன்னான்."

"ஊசி?"

"போட்டாச்சு."

"நீங்க மாத்திர போட்டீங்களா?"

"போட்டேன்" என்பார். போட்டிருக்க மாட்டார். பின்னால் குழந்தை அழும். போன் வைக்கப்படும். ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷம் பெண்டாட்டி. மீதி நேரமெல்லாம் பூனை. அவருக்கு அழுகைகூட வந்தது. அதை ஜலதோஷம் என்று கலெக்டரிடம் சொன்னார்.

திங்கட்கிழமை மாலைதான் அந்தச் செய்தி வந்தது. பிள்ளை பெற்ற கோகிலாவுக்கு இடுப்பு வலி தீரவில்லை, தான் வர இன்னும் இரண்டு மாசம் ஆகும் என்றாள். அதனால்தான் செவ்வாய்க்கிழமை அந்த முடிவு.

"வா" என்று கேட்பதற்கு வாய் வராது. முப்பத்தெட்டு வருஷத்தில் கேட்டதில்லை. கலெக்டரைப் படுக்கப் போட்டுவிட்டால் அவளே ஓடிவருவாள். திட்டம் அவ்வளவுதான்.

செவ்வாய் மாலை ஏழு மணி.

"கலெக்டர் துன்னானா?"

"எங்க... ரெண்டு நாளா வாயில ஒண்ணும் வெக்கல. பாக்கவே மனசு தாங்கல விஜயா. நீ வந்தாதான் துன்னுவான்போல."

"அப்பிடியா? வீடியோல வாங்க, பாக்கறேன்."

வந்தார். மூஞ்சியைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"உங்க பின்னால இன்னா சத்தம்?"

"ஒண்ணுமில்லியே."

"மீன் முள்ளு கடிக்கிற மாதிரி கேக்குது."

திரும்பிப் பார்த்தார். கலெக்டர் கிண்ணத்தை நக்கி, அதைத் தரையில் தள்ளித் தள்ளி அடுப்படி வரைக்கும் போயிருந்தார்.

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கான்" என்றார் அரங்கநாதன்.

புதன்கிழமை வேறு வழி பிடித்தார். தின்கிறான், ஆனால் தள்ளாடுகிறான், கண் சொருகுகிறது என்றார்.

"சக்கர இன்னா காட்டுது?" என்றாள்.

"இனிமேதான் பாக்கணும்."

"பாத்துட்டு மெஷின ஃபோட்டோ புடிச்சி அனுப்புங்க."

கலெக்டரைத் துண்டில் சுற்றினார். இரண்டு கையாலும் பிடித்தால் குத்தக் கை இல்லை. ஒரு கையால் பிடித்தால் கலெக்டர் இல்லை. முழங்காலுக்கு நடுவில் இடுக்கிப் பார்த்தார். வேட்டியில் ஒரு கிழிசல், தொடையில் நான்கு கோடு. பக்கத்து வீட்டு ஆண்டாளைக் கூப்பிட்டார். அந்த அம்மா சுவருக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"பூன மயிரு பட்டா எனக்கு மேலெல்லாம் தடிச்சிக்கும்ணே. வேணும்னா நின்னு பாக்கறேன்."

பார்ப்பதற்கு ஆள் தேவையில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

மெஷின் மேஜைமேல் இருந்தது. கலெக்டர் பீரோ மேலே இருந்தார். ஃபோட்டோவில் ரத்தத்துக்குப் பேர் எழுதியா இருக்கப்போகிறது? அரங்கநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூன்று வருஷமாக ஒருத்தருக்கும் நீட்டாத விரலை எடுத்துத் தானே குத்தினார்.

முந்நூற்று நாற்பத்திரண்டு.

நல்ல எண், யாரும் பயப்படுவார்கள் என்று முதலில் சந்தோஷப்பட்டார். ஃபோட்டோ எடுத்தார், அனுப்பினார். அப்புறம்தான் அது யாருடைய எண் என்பது மெதுவாக உறைத்தது. மெஷின் பழசு என்று சொல்லிக்கொண்டார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். இன்னொரு சொம்பு குடித்தார். போன தையில் கலெக்டரும் இப்படித்தான் குடித்தார் என்பது ஞாபகம் வரவும், சொம்பைக் கீழே வைத்துவிட்டார். உண்மையாகவே பயமாக இருந்தது. சொல்லி அழ ஒரு ஆள் இல்லை. பீரோவை அண்ணாந்து பார்த்தார். அங்கிருந்து ஒரு வால் மட்டும் தொங்கியது.

போன் அடித்தது.

"முந்நூத்தி நாப்பத்திரெண்டா? இங்க டாக்டராண்ட கேட்டேன். ரொம்ப ஜாஸ்தியாம், ஒரு நாள்கூட தள்ளக் கூடாதாம். நாளைக்கே இட்டுக்கினு வாங்க."

"நீ வர மாட்டியா?"

"பச்ச உடம்புக்காரிய வுட்டுட்டு எப்பிடிங்க வர்றது? நீங்கதான் வரணும்."

"கள்ளக்குறிச்சியிலயே காட்டிக்கிறேனே."

"அதுவும் சரிதான். டாக்டரம்மா திரும்ப ஒரு வாட்டி ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. அது இன்னா வருதுன்னு எனக்கு போன்ல சொல்லச் சொல்லுங்க."

அரங்கநாதன் யோசித்தார். டாக்டரம்மா பார்த்தால் கலெக்டருக்கு நூற்றைம்பது வரும். அப்படியானால் முந்நூற்று நாற்பத்திரண்டு எங்கே போகும்? வேறு எங்கே போகும், அது நேராக அவர் தலையில் வந்து உட்காரும். பொய் சொன்னதை ஒத்துக்கொள்ளலாம். சர்க்கரையை ஒத்துக்கொள்ள முடியாது. ஓசூரில் குறைத்துக் காட்டினால், வழியிலேயே இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"சரி, வரேன். காட்டிட்டு அடுத்த பஸ்லயே திரும்பிடுவேன்" என்றார்.

வியாழக்கிழமை ஏழு மணி ஊசியை முடித்து, கலெக்டரை மூடி போட்ட காய்கறிக் கூடையில் இறக்கினார். மருந்துக் குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்தார். கள்ளக்குறிச்சி போய் பெங்களூர் பஸ் பிடித்து, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டார். திருவண்ணாமலை தாண்டியதும் போன் வந்தது.

"கலெக்டர் எப்பிடி இருக்கான்?"

"கூடைக்குள்ள தூங்கிக்கினு இருக்கான். வழியில ஒண்ணுக்குப் போயிட்டான். வேட்டியெல்லாம் ஈரம்."

பக்கத்து ஸீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார். வேறு நாளாக இருந்தால் அரங்கநாதன் விளக்கியிருப்பார். அன்று விளக்கத் தோன்றவில்லை. மூடியைத் திறந்து ஒரு விரலை உள்ளே விட்டார். கலெக்டர் அதை மோந்து, நேற்றுக் குத்திய இடத்தில் ஒரு தடவை நக்கினார். கிருஷ்ணகிரி வரைக்கும் அவர் விரலை வெளியே எடுக்கவில்லை.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் விஜயலட்சுமி ஆட்டோவோடு நின்றாள். ஒரு மாசத்தில் கொஞ்சம் இளைத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெயில் ஜாஸ்தி" என்றார். அவள் கூடைக்குள் கையை விட்டு கலெக்டரின் நெற்றியைச் சொறிந்தாள். கலெக்டர் கொர்ரென்று இழைந்தார்.

"முந்நூத்தி நாப்பத்திரெண்டு மாதிரியே தெரியலியே" என்றாள்.

"உள்ளுக்குள்ள இருக்கும்" என்றார் அவர்.

ஆட்டோ ஒரு மாடிக் கட்டடத்தின் முன்னால் நின்றது. உள்ளே பெஞ்சு நிறைய மனிதர்கள். மாடும் இல்லை, நாயும் இல்லை.

"இது மனுசங்க ஆஸ்பத்திரி விஜயா."

"ஆமா. கலெக்டர் ஆட்டோலயே இருக்கட்டும். நீங்க எறங்குங்க."

"எனக்கு எதுக்கு?"

"பூனைக்கு ரத்தம் எடுக்க ஒருத்தர் புடிக்கணும், ஒருத்தர் குத்தணும். வூட்ல இருக்கறது நீங்க ஒருத்தர்தான். ஆண்டாளு கிட்டக்கூட வர மாட்டா. ஒத்த ஆளு வூட்ல எடுத்த ரத்தம் யாரோடதா இருக்கும்?"

அவர் கூடையை ஸீட்டில் வைத்தார். இறங்கினார்.

டாக்டர் பார்த்தார், எழுதினார், ஒரு மாசம் கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்றார். அதை அவரிடம் சொல்லவில்லை, விஜயலட்சுமியிடம் சொன்னார்.

மகள் வீட்டு மாடியில் அவருக்கென்று கட்டில் போட்டிருந்தது. தலையணை உறை புதுசு. கட்டிலுக்கு அடியில் பூனைக்கு மண் தட்டு, கிண்ணம். எல்லாம் நேற்று ராத்திரி அவசரமாக வாங்கின மாதிரி இல்லை. தட்டின்மேல் ஒரு மாசத் தூசி படிந்திருந்தது. ஜன்னலைத் திறந்தார். எதிரே, தெரு முனையில், பூனை நாய் படம் போட்ட ஆஸ்பத்திரி போர்டு. கீழே மாப்பிள்ளை கலெக்டரைத் தோளில் சாய்த்துக்கொண்டு தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அரங்கநாதனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வந்தது.

"பூன டாக்டர் தெருவுலயே இருக்காரு. மாப்ளக்கும் பூனன்னா உசுரா இருக்குது. பஸ்ல ஆறு மணி நேரம் குறட்ட வுட்டுக்கினு வந்தான். அப்பறம் எதுக்கு அவன எங்கிட்ட வுட்டுட்டு வந்த?"

விஜயலட்சுமி தண்ணீரையும் மாத்திரையையும் நீட்டினாள். அவர் விழுங்கும்வரை எதிரிலேயே நின்றாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"அவன நான் இட்டுக்கினு வந்திருந்தா, உங்கள யாருங்க இட்டுக்கினு வர்றது?"