குளியலறைக்குள் ஒரு கோடிப் பேர்

'குட்டிக் குடித்தனம்' என்ற விளையாட்டுக்குப் பதினான்காவது புதுப்பித்தல் ஏன் இன்னும் வரவில்லை என்று நாலு கோடிப் பேர் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனியைப் பெரிய கம்பெனி எதுவோ விழுங்கிவிட்டது என்கிறார்கள் சிலர். செய்கிறவர்களுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்கிறார்கள் பலர். உண்மைக் காரணம் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் முழுசாகத் தெரியும். சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை என்பதால் அவள் வாயைத் திறப்பதில்லை.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'கதவு'. விளையாட்டில் யார் எதைச் செய்கிறார்களோ அதுவே அங்கே அவர்கள் பெயர். தலைமுடி செய்கிறவர் 'கூந்தல்', குழந்தைச் சத்தம் செய்கிறவர் 'அழுகை'. "அழுகை இன்னிக்கு லீவு" என்றால் அங்கே யாரும் சிரிப்பதில்லை. நம்மவள் பதினோரு வருடமாக விளையாட்டில் வரும் கதவுகளைத் திறந்து மூட வைக்கிறவள். விளையாட்டும் எளிதுதான். திரைக்குள் ஒரு வீடு கட்டி, உங்கள் ஜாடையில் ஒரு ஆளைக் குடிவைத்து, அவரைக் குளிக்க வைத்து வேலைக்கு அனுப்ப வேண்டும். தாங்கள் வேலைக்குக் கிளம்ப மூக்கால் அழுகிறவர்கள்கூட அந்த ஆளை மட்டும் ஒரு நிமிடம் தாமதிக்காமல் அனுப்பிவைப்பார்கள்.

பதின்மூன்றாவது அப்டேட்டில் இரண்டு வசதிகள் சேர்த்தார்கள். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள், குளிக்கும்போது பாட்டு. தனித்தனியே இரண்டும் பத்தரை மாற்றுத் தங்கம். சேர்ந்தபோதுதான் வினை. பாடிக்கொண்டே தொட்டால் தாழ்ப்பாள் திறக்காது. தாழ்ப்பாள் திறக்கும்வரை பாட்டு நிற்காது. ஒரே வாரத்தில் ஒரு கோடி ஆட்கள் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரு கோடியில் அவள் மாமனாரின் ஆளும் ஒருவன். மாமனார் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. ஓய்வு பெற்றது அலுவலகத்திலிருந்து மட்டும்தான். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் 'கடைசியாக உண்பவர் பாத்திரம் கழுவக் கடமைப்பட்டவர்' என்று சுற்றறிக்கை ஒட்டி, கீழே வால் நீண்ட கையெழுத்துப் போட்டு வைத்திருப்பவர். இல்லாத கதவைத் திறப்பது ஒரு உத்தியோகமா என்று மருமகளின் வேலையைப் பதினோரு வருடமாக நக்கல் அடித்தவரும் அவரேதான். அவர் ஒரு காலையில் செல்போனோடு அவள் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, என் ஆளு உள்ளயே இருக்கான். விரலெல்லாம் ஊறிப்போயிருக்கும் பாவம். கொஞ்சம் பாரேன்."

அவர் அவளிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆள் வெளியே வந்துவிடுவான் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அதுவரை எதற்கு வம்பு என்று மாமனார் நிஜக் குளியலறையிலும் தாழ்ப்பாள் போடுவதை நிறுத்தினார். பாடுவதையும் நிறுத்தினார். அதற்குப் பதில் இருமிக்கொண்டே குளித்தார். இருமல் கேட்கும் நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் வரலாகாது என்று ஃபிரிட்ஜில் இன்னொரு சுற்றறிக்கை ஏறியது.

தாழ்ப்பாளைச் சரிசெய்ய இருபது நிமிடம்தான் ஆயிற்று. ஒரே ஒரு வரியை மாற்றினாள். ஆனால் முதலாளி அப்போதுதான் பெயர் ஆலோசகர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். ஊரில் எல்லாக் கம்பெனிகளிலும் பெயர் ஆலோசகர் இருக்கிறார், நம்மிடம் மட்டும் இல்லையே என்ற குறை அவருக்கு. 'அப்டேட்' என்ற சொல்லில் இயந்திர வாடை அடிக்கிறது, 'புதுப்பித்தல்' என்றால் மனித வாசம் வீசும் என்றார் ஆலோசகர். முதலாளி மோந்து பார்த்து ஒப்புக்கொண்டார். 'வெள்ளிக்கிழமை மாபெரும் புதுப்பித்தல்' என்று பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் வந்தது.

வியாழக்கிழமை புதுப்பித்தல் துறையிலிருந்து கடிதம் வந்தது. உரிமம், அட்டை, அனுமதி முதலானவற்றைப் புதுப்பித்துத் தருகிற துறை அது. துறையின் இசைவின்றிப் புதுப்பிக்க முற்பட்டமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கலாகாது என்று கேட்டிருந்தார்கள். கதவு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கதவையே அனுப்பினார்கள்.

பிரிவு அலுவலரின் அறைக் கதவில் தாழ்ப்பாளே இல்லை. கோப்புக் கட்டு ஒன்றை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அவள் கண் முதலில் அங்கேதான் போயிற்று.

"புதுப்பிக்கணும்னா முதல்ல காலாவதி ஆகியிருக்கணும்மா. உங்க விளையாட்டு காலாவதி ஆயிடுச்சா?" என்றார் அலுவலர்.

"இல்ல சார். நாலு கோடிப் பேர் விளையாடறாங்க."

"நல்லா இருக்கறத எதுக்குப் புதுப்பிக்கிறீங்க?"

"பாத்ரூம் கதவு திறக்கல சார்."

"அது பழுதுபார்த்தல். வேற துறை."

"சரி சார், பழுதுபார்த்தல்னே வெச்சுக்கலாம்."

"எப்படிம்மா வெச்சுக்கறது? புதுப்பித்தல்னு அச்சுல வந்திருக்கே."

அச்சில் வந்ததை அவளால் மறுக்க முடியவில்லை. கம்பெனி விளையாட்டை ஒரு நாள் முழுக்க நிறுத்திக் காலாவதி ஆக்கி, அதற்குச் சான்றிதழும் வாங்கியது. வெள்ளிக்கிழமை போயிற்று, அடுத்த வெள்ளியும் போயிற்று. அடுத்து விதி ஏழு வந்தது. 'குடியிருப்போர் அனைவரும் ஒருவர் விடாமல் நேரில் தோன்றிக் கையொப்பமிட்டாலன்றி எக்குடியிருப்பும் புதுப்பிக்கப்படலாகாது.' நம்மவள் அசரவில்லை. விளையாட்டு ஆட்களையே கையெழுத்துப் போட வைத்தாள். திரைக்குள் ஒரு மேஜை போட்டு, வரிசையில் நிற்க வைத்து, மூன்று கோடிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

அலுவலர் எண்ணிக்கையைப் பார்த்தார். ஒரு கோடி குறைந்தது. அவர்கள் குளியலறையில் இருக்கிறார்கள், புதுப்பித்தால்தான் வெளியே வர முடியும் என்றாள். வெளியே வந்து கையெழுத்துப் போட்டால்தான் புதுப்பிக்க முடியும் என்றார் அவர். படிவத்தைக் கதவுக்கு அடியில் தள்ளி வாங்கலாமே என்று கேட்டாள். நேரில் பார்த்ததாகச் சான்று எழுத வேண்டும், குளிக்கிறவரை நேரில் பார்ப்பது துறையின் கண்ணியத்துக்கு அழகல்ல என்று விளக்கினார். விதியை எழுதியவர் லேசுப்பட்டவர் இல்லை, இந்தத் துறையில் இன்றைக்கும் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது என்று மூலப் பிரதியைத் திருப்பிக் காட்டினார். அடியில் வால் நீண்ட கையெழுத்து ஒன்று இருந்தது. அவள் தினமும் தயிர் எடுக்கும்போது பார்க்கிற கையெழுத்து.

இதற்கிடையில் ஊரில் இன்னொரு கூத்து நடந்தது. குளியலறைப் பாட்டு ஆழ்ந்த தனிமையின் குறியீடு என்று ஒருவர் கட்டுரை எழுத, நாகரிகம் தெரிந்தவர்கள் நிஜமாகவே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். அதற்குப் பயிற்சி முகாம் வேறு.

வீட்டுக்கு வந்து அவள் விதி ஏழைப் பற்றிச் சொன்னதும் மாமனார் முகம் விளக்குப் போட்டாற்போல் ஆயிற்று. "அது நான் எழுதினதும்மா. இன்னும் இருக்கா?" என்றார். விதிவிலக்கு எதுவும் உண்டா என்று கேட்டாள். விலக்கு வைத்தால் அது விதியா என்று சிரித்தார். தன் ஆளைத் தானே உள்ளே வைத்துப் பூட்டியிருப்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பெருமையில் மிதந்துகொண்டே அவர் குளிக்கப் போனார். பழக்க தோஷத்தில் தாழ்ப்பாளைப் போட்டார். பாடவும் பாடினார்.

அரைமணி நேரம் கழித்துப் பாட்டு நின்று கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஈரத்தில் தாழ்ப்பாள் இறுகிவிட்டது. பதினோரு வருடம் கதவு செய்தவளுக்கு நிஜக் கதவில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றத் தெரியவில்லை. தச்சருக்குச் சொல்லிவிட்டு வெளியே உட்கார்ந்தாள்.

உள்ளே குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு குரல் இறங்கி வந்தது.

"அந்த ஏழாவது விதி கொஞ்சம் கடுமைதாம்மா. நீ எழுதிக்கோ, நான் சொல்றேன்."

அவள் பாய்ந்து போய்க் காகிதம் எடுத்து வந்தாள். 'கதவு திறக்க இயலாமல் உள்ளே இருக்கும் நான், என் போன்றோர் கதவுக்கு அடியில் கையொப்பமிட ஏதுவாக விதி ஏழைத் திருத்துமாறு கோருகிறேன்' என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். அப்பழுக்கில்லாத மனு. இது போதும், ஒரு கோடிப் பேரும் விடுதலை. மனுவையும் பேனாவையும் கதவுக்கு அடியில் தள்ளினாள். அவர் நிதானமாகப் படித்து, விட்டுப்போன ஒற்றெழுத்து ஒன்றைப் போட்டு, கையெழுத்துக்கு இடம் தேடிக்கொண்டிருந்தபோது தச்சர் வந்தார். ஒரே நெம்பு. கதவு திறந்துகொண்டது.

மாமனார் துண்டோடு வெளியே வந்தார். கையில் மனு இருந்தது, கையெழுத்து இல்லை.

"போட்டுடுங்க மாமா."

"எப்படிம்மா போடறது? 'கதவு திறக்க இயலாமல்'னு இருக்கு. கதவுதான் திறந்துடுச்சே. மனு காலாவதி." அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. "காலாவதி ஆனது நல்லதுதாம்மா. இனிமே தாராளமாப் புதுப்பிக்கலாம்."

சாயங்காலம் செல்போனைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வந்தார். ஆள் இன்னும் பாடிக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, இவனை எப்பதான் வெளியே விடுவே?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, மாமா."

மாமனார் செல்போனைக் கீழே வைத்தார். பிறகு பக்கத்தில் வந்து தலையில் கை வைத்தார்.

"பதினோரு வருஷத்துல இப்பதாம்மா நீ ஒரு உத்தியோகத்துல இருக்கறாப்பல தெரியுது."